பிள்ளையை வீட்டிலேயே படிக்க வைக்கும் முதல் ஆண்டு: வரிசையாகச் செய்ய வேண்டியவை

ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டில் வைத்துப் படிக்க வைக்க முடிவு செய்துள்ள தமிழ்நாட்டுப் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். கோவையில் எங்கள் இரண்டு பிள்ளைகளையும் எட்டு ஆண்டுகளாக இப்படித்தான் படிக்க வைக்கிறோம். புதிதாகத் தொடங்கிய குடும்பங்கள் பலவற்றோடு உட்கார்ந்து பேசியும் இருக்கிறேன். பாதியில் விட்டவர்களில் பெரும்பாலோருக்குப் பாடம் சொல்லித் தருவது கடினமாக இருக்கவில்லை. செய்ய வேண்டியவற்றை முன்பின்னாகச் செய்ததால்தான் களைத்துப் போனார்கள். ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போவது நல்லது.

1. வீட்டுப் பெரியவர்கள் ஒரே இடத்தில் உட்கார்ந்து பேசுங்கள்

பள்ளிக்குக் கடிதம் கொடுப்பதற்கு முன், கணவனும் மனைவியும், உடன் இருக்கும் தாத்தா பாட்டியும் சேர்ந்து மூன்று கேள்விகளுக்கு விடை காண வேண்டும். பகலில் பிள்ளையோடு இருக்கப் போவது யார்? அவருடைய வருமானம் குறைந்தால் வீட்டுச் செலவை எப்படிச் சமாளிப்பது? அவர் காய்ச்சலில் படுத்தால் பொறுப்பை ஏற்பவர் யார்? மூன்றாவது கேள்வியை எல்லோரும் தள்ளிப் போடுகிறார்கள். முதல் ஆண்டில் வீட்டையே நிலைகுலைய வைப்பது பெரும்பாலும் அதுதான்.

பாட்டிக்கு இதில் மனம் ஒப்பவில்லை என்றால் அவருக்குப் போதிய காலம் கொடுங்கள். பகல் முழுவதும் பிள்ளையின் காதில் விழப்போவது அவருடைய குரல். "பள்ளிக்கூடம் போகாத பிள்ளை" என்று அவர் நாள்தோறும் வருந்தினால், நீங்கள் சொல்லித் தரும் எதுவும் பிள்ளையின் மனத்தில் தங்காது.

கைவிட்டுப் போகக்கூடியவற்றையும் இந்தப் பேச்சிலேயே எழுதி வையுங்கள். மருத்துவப் படிப்பில் தமிழ்நாடு அரசு தரும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. வீட்டில் படித்த பிள்ளைக்கு அது கிடைக்காது. அரசு வேலைகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு உள்ள 20 சதவீத முன்னுரிமைக்குப் பள்ளிக் காலம் முழுவதும் தமிழ்வழியில் படித்ததற்கான சான்று கேட்கிறார்கள். வீட்டில் படித்த ஆண்டுகளுக்கு அந்தச் சான்றைக் காட்டுவது கடினம். இவற்றைத் தெரிந்தே விடுவது வேறு. பதினேழு வயதில் பிள்ளை கேட்கும்போது விழிப்பது வேறு.

2. காகிதங்களைப் பள்ளியில் இருக்கும்போதே சேருங்கள்

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10ஆம் பிரிவு சொல்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அந்தச் சட்டம் வகுக்கவில்லை. வீட்டுவழிக் கல்வியைப் பற்றி அதில் பேச்சே இல்லை. இந்த நிலையைப் புரிந்துகொண்டு நடக்க வேண்டும். ஒளிந்து நடக்க வேண்டியதில்லை.

பள்ளியிலிருந்து கட்டாயம் பெற வேண்டியது மாற்றுச் சான்றிதழ். அதோடு கடைசி ஆண்டு மதிப்பெண் பட்டியலையும் பிள்ளையின் எமிஸ் எண்ணையும் (பள்ளிக்கல்வித் துறையின் கணினிப் பதிவில் ஒவ்வொரு மாணவருக்கும் உள்ள எண்) வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் பிறப்புச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ் மூன்றும் தயாராக இருக்கட்டும். பிறகு எல்லாவற்றையும் மேசையில் விரித்துப் பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றில் தலைப்பெழுத்து பெயருக்கு முன்னும், மற்றொன்றில் பின்னும், ஆதாரில் தந்தை பெயர் முழுதாகவும் இருப்பது நம் ஊரில் சாதாரணம். பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு இதைப் பள்ளி அலுவலகமே கவனித்துக்கொள்ளும். வீட்டுப் பிள்ளைக்கு, தேர்வுக்கு விண்ணப்பிக்கும் கடைசி வாரத்தில்தான் இது தெரிய வரும். அந்த அலைச்சலை எங்கள் மூத்த மகளுக்காக நான் பட்டிருக்கிறேன். ஆதாரில் தலைப்பெழுத்தைத் திருத்தி வாங்கும் வரை தூக்கமில்லை.

மாற்றுச் சான்றிதழ் வாங்கியதும் எமிஸ் பதிவில் பிள்ளையின் பெயர் பொதுத் தொகுப்புக்குப் போய்விடும். வேறு பள்ளி எதுவும் அந்தப் பெயரை எடுத்துக்கொள்ளாவிட்டால், இடைநின்ற பிள்ளையோ என்று பார்க்க வட்டார வள மையத்திலிருந்து ஆசிரியர்கள் வீட்டுக்கு வரலாம். பலர் இதற்குப் பயந்து கதவைத் திறப்பதில்லை. அது தவறு. பிள்ளை வேலைக்கு அனுப்பப்படுகிறதா, சிறு வயதில் திருமணம் செய்து வைக்கப்படுகிறதா என்று தேடிப் பார்ப்பது அவர்களுடைய நல்ல பணி. உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, பிள்ளையின் நோட்டுகளைக் காட்டுங்கள். ஆறாவது படியில் சொல்லும் பதிவேடு இதற்கும் உதவும்.

3. முதல் இரண்டு மாதம் பாடம் வேண்டாம்

இந்தப் படியைத்தான் புதியவர்கள் தாண்டிவிடுகிறார்கள். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு மேசை, நாற்காலி, கரும்பலகை எல்லாம் போட்டு ஆரம்பித்தால், மூன்றாம் வாரத்தில் தாயும் பிள்ளையும் கண்ணீரில் நிற்பார்கள். மணி அடித்தால் எழுந்து, சொன்னால் எழுதிப் பழகிய பிள்ளைக்கு, யாரும் சொல்லாமலே ஒன்றை எடுத்துச் செய்யும் பழக்கம் வரச் சில வாரங்கள் பிடிக்கும். உங்களுக்கும் அப்படியே, நீங்கள் படித்த வகுப்பறையைத்தான் உங்கள் கை தானாகத் தேடும்.

இந்த இரண்டு மாதமும் வீட்டு வேலை, விளையாட்டு, கதை வாசித்துக் காட்டுதல் ஆகிய மூன்றும் போதும். கைப்பேசிக்கும் தொலைக்காட்சிக்கும் மட்டும் முதல் நாளே நேர வரம்பு வையுங்கள். அதைப் பிறகு கொண்டுவர முயன்றால் பாடமே தண்டனையாகத் தோன்றும்.

நீங்கள் செய்ய வேண்டிய வேலை கவனிப்பது. நாற்பது பக்க நோட்டு ஒன்றில் இரவில் நான்கு வரி எழுதுங்கள். பிள்ளை தானாக எதில் அரை மணி நேரம் மூழ்கியது, எந்த நேரத்தில் சிணுங்கியது, எதைப் பற்றி மூன்று கேள்வி கேட்டது என்று குறித்தால் போதும். எங்கள் மகன் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எதற்கும் உதவ மாட்டான் என்பதும், விடியற்காலை ஆறு மணிக்கு அவனுக்கு மனம் மிகத் தெளிவாக இருக்கும் என்பதும் அந்த நோட்டிலிருந்துதான் எங்களுக்குத் தெரிந்தன. அதற்கு முன் நான் மதியம் இரண்டு மணிக்குக் கணக்கு வைத்து அவனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

4. வீட்டின் நாளுக்குள் பாடத்தைப் பொருத்துங்கள்

இரண்டு மாதம் முடிந்ததும், கடிகாரத்தைப் பார்த்து அட்டவணை போடாமல், வீட்டில் ஏற்கெனவே தவறாமல் நடக்கும் வேலைகளைப் பட்டியலிடுங்கள்: வாசல் பெருக்கிக் கோலம் போடுவது, காலைச் சிற்றுண்டி, தண்ணீர் பிடிப்பது, சமையல், துணி மடிப்பது, விளக்கேற்றுவது. ஒவ்வொன்றுக்கும் அடுத்து ஒரு பாடத்தைக் கோத்துவிடுங்கள். "சிற்றுண்டி முடிந்ததும் கணக்கு" என்று வைத்தால், சிற்றுண்டி ஒன்பதரை மணிக்குப் போன நாளிலும் கணக்கு நடக்கும். "ஒன்பது மணிக்குக் கணக்கு" என்று வைத்தால், அன்று அட்டவணை உடைந்துவிடும். மூன்று நாள் உடைந்தால் யாரும் அதைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

எட்டு வயதுப் பிள்ளைக்கு உட்கார்ந்து படிக்கும் நேரம் ஒன்றரை மணி இருந்தால் நிறைவு. பன்னிரண்டு வயதில் மூன்று மணி போதும். பள்ளியின் ஆறு மணி நேரத்தோடு இதை ஒப்பிட்டுப் பயப்படாதீர்கள். வருகை எடுப்பதும் வரிசையில் நிற்பதும் நாற்பது நோட்டுகளைத் திருத்தும் வரை காத்திருப்பதும் வீட்டில் இல்லை.

இரண்டு பிள்ளைகள் இருந்தால், சிறியவனுக்கு முதலில் இருபது நிமிடம் முழுக் கவனம் கொடுங்கள். கவனம் கிடைத்த சிறு பிள்ளை அடுத்த ஒரு மணி நேரம் தானாக விளையாடும். பெரியவளை முதலில் உட்கார வைத்தால் சின்னவன் மடியில் ஏறி இருவரையும் கெடுப்பான்.

5. கணக்கையும் தமிழையும் முதலில் பிடியுங்கள்

எல்லாப் பாடத்தையும் ஒரே வாரத்தில் தொடங்காதீர்கள். முதல் மூன்று மாதம் கணக்கும் தமிழும், அடுத்து ஆங்கிலம், அறிவியலும் சமூகமும் அதற்குப் பிறகு. முதல் இரண்டிலும் ஒரு நாள் விட்டால் இடைவெளி வளரும். அறிவியலில் ஒரு மாதம் விட்டாலும் தோட்டத்து எறும்புப் புற்றிலிருந்து மீண்டும் தொடங்கலாம். தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் புத்தகங்களை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அவற்றை வரிசை தெரிந்துகொள்ளும் அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். பக்கம் பக்கமாக ஓட்ட வேண்டாம்.

கணக்கைப் பொருளில் தொடங்கிப் பிறகு தாளுக்குக் கொண்டு போக வேண்டும். பின்னம் எங்கள் மகளுக்கு வந்த விதத்தைச் சொல்கிறேன். பரணில் கிடந்த பாட்டியின் அளவைகளை இறக்கினோம்: ஆழாக்கு, உழக்கு, உரி, படி. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. இட்லிக்கு நாலுக்கு ஒன்று என்பது எங்கள் வீட்டுக் கணக்கு; ஒரு படி அரிசிக்கு ஓர் உழக்கு உளுந்து. படியை ஆழாக்கால் நிரப்பச் சொன்னேன். ஏழாவது ஆழாக்கிலேயே படி வழிந்தது. "அம்மா, எட்டுன்னு சொன்னீங்க, ஏழுதான் வருது" என்றாள். ஆழாக்கைக் குவித்து அளந்துவிட்டு, படியைத் தலைதட்டிப் பார்த்திருந்தாள். அதை நான் சொல்லவில்லை. அரிசியைத் திரும்பக் கொட்டி, இரண்டாம் முறை குவியல் சரிவதை அவளே பார்த்து, மூன்றாம் முறை விரலால் தலைதட்டி எட்டு கொண்டுவந்தாள். அதன் பிறகுதான் தாளில் 1/8 என்று எழுதி, அதற்குத் தமிழில் அரைக்கால் என்று பெயர் என்றேன். காலில் அரை, அரைக்கால். 1/4இல் 1/2, 1/8. பின்னப் பெருக்கல் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அவள் மாவு ஒட்டிய கையோடு அந்தச் சொல்லை இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

இதில் பெற்றோர் செய்யும் தவறு இரண்டு. குவித்து அளக்கிறாள் என்று கண்டவுடன் வாய்விட்டுச் சொல்லிவிடுவது ஒன்று. அரிசியோடு நிறுத்தி, தாளுக்குக் கொண்டு போகாமல் விடுவது மற்றொன்று. சமையலறையில் பின்னம் தெரிந்த பிள்ளை தேர்வுத் தாளில் 3/8ஐயும் 1/4ஐயும் கூட்டத் தெரியாமல் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். பொருளில் ஒரு நாள் செய்தால், தாளில் நான்கு நாள் செய்ய வேண்டும்.

பத்து வயதுக்கு மேல் மின் அளவியைப் பிள்ளையிடம் ஒப்படையுங்கள். ஞாயிறுதோறும் எண்ணைக் குறித்து, சென்ற வார எண்ணைக் கழிக்கட்டும். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம் என்பதால், அது எந்த வாரத்தில் தாண்டும் என்று முன்கூட்டிச் சொல்லச் சொல்லுங்கள். கழித்தல், சராசரி, வரைபடம் மூன்றும் அதில் அடங்கும். மின்விசிறியை அணைக்கச் சொல்லும் வேலையும் உங்களுக்குக் குறையும்.

தமிழுக்கு நாள்தோறும் மூன்று செயல்கள்: பத்து நிமிடம் உரக்க வாசித்தல், ஐந்து வரி சொல்வதெழுதுதல், தானாக மூன்று வரி எழுதுதல். திருத்தும்போது ஒரு நாளுக்கு ஒரு வகைப் பிழையை மட்டும் எடுங்கள். திங்களன்று ர, ற என்றால், ல, ள, ழ குழப்பம் அன்று கண்ணில் பட்டாலும் விட்டுவிடுங்கள். பக்கம் முழுதும் சிவப்பு மை கண்ட பிள்ளை, அடுத்த நாள் தனக்குப் பிழையின்றி எழுதத் தெரிந்த சொற்களை மட்டுமே எழுதும்.

6. பதிவேட்டை அன்றன்றே எழுதுங்கள்

ஒரு நாட்குறிப்பு, ஒரு கோப்பு இரண்டும் போதும். நாட்குறிப்பில் தேதி, செய்த பாடம், எடுத்த நேரம், தடுமாறிய இடம். கோப்பில் வாரத்துக்கு ஒரு தாள்: நன்றாக வந்ததை மட்டும் வைக்காமல், சாதாரணமாக வந்த ஒன்றை வையுங்கள். ஆறு மாதம் கழித்து இரண்டு தாள்களை அருகருகே வைத்தால், வளர்ச்சி இருக்கிறதா இல்லையா என்பது யாருடைய அபிப்பிராயமும் இன்றித் தெரியும்.

மாதக் கடைசியில் மொத்தமாக எழுதிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் எழுதுவதே இல்லை. இரவில் பால் காய்ச்சும் நேரம் இதற்குப் போதும்.

7. பள்ளி கேட்காமலே செய்து தந்தவற்றை நீங்கள் செய்யுங்கள்

பெற்றோர் கவனிக்காமல் விடும் இடம் இது. தேசியத் தடுப்பூசி அட்டவணைப்படி பத்து வயதிலும் பதினாறு வயதிலும் ரணஜன்னி, தொண்டை அடைப்பான் நோய்களுக்கான டிடி ஊசி போட வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கு அதைப் பள்ளியிலேயே வந்து போட்டுவிடுவார்கள். வீட்டுப் பிள்ளையை நீங்கள்தான் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போக வேண்டும். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் தரும் குடற்புழு நீக்க மாத்திரை, பள்ளிக்குப் போகாத பிள்ளைகளுக்கு அங்கன்வாடியில் கிடைக்கும். கரும்பலகை தெரியவில்லை என்று ஆசிரியர் கண்டுபிடித்துச் சொல்ல வீட்டில் வாய்ப்பில்லை. ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை கண் பரிசோதனை செய்யுங்கள்.

நட்பும் இந்தப் படியில்தான் சேரும். தெருப் பிள்ளைகள் பள்ளி விட்டு வந்து விளையாட இறங்கும் நேரத்தில் உங்கள் பிள்ளைக்கு எந்தப் பாடமும் வைக்காதீர்கள். சிலம்பம், நீச்சல், பாட்டு என்று ஏதாவது ஒரு வகுப்புக்கு வாரம் இருமுறை, பிற பெரியவர்களின் சொல் கேட்டு நடக்கும்படி அனுப்புங்கள். கிளை நூலகத்தில் பிள்ளையின் பெயரிலேயே உறுப்பினர் அட்டை எடுத்து, புத்தகத்தைத் திருப்பித் தரும் பொறுப்பையும் அவனிடமே விடுங்கள். வார நாளில் தெருவில் பார்ப்பவர்கள் "இன்று பள்ளிக்கூடம் இல்லையா?" என்று கேட்பார்கள். "நான் வீட்டில் படிக்கிறேன், ஐந்தாம் வகுப்புப் பாடம்" என்ற ஒரே வரியைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். விடை தெரியாமல் விழிக்கும் பிள்ளை, தான் ஏதோ தவறு செய்வதாக நினைக்கத் தொடங்கும்.

8. பன்னிரண்டு வயதில் தேர்வுப் பாதையைத் தீர்மானியுங்கள்

தமிழ்நாட்டில் இரண்டு பாதைகள் பொதுவாகப் பயன்படுகின்றன. முதலாவது, அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தனித்தேர்வர் தேர்வுகள். பன்னிரண்டரை வயது நிரம்பிய பிள்ளை எட்டாம் வகுப்புத் தேர்வை நேரடியாக எழுதலாம். பத்தாம் வகுப்புக்கு அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குத் தனியே பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவின் நாளைத் தவறவிட்டவர்கள் ஓராண்டை இழக்கிறார்கள். ஆகவே அறிவிப்புகளை முந்தைய ஆண்டே பார்த்து வையுங்கள்.

இரண்டாவது, 1989இல் தொடங்கப்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். பத்தாம் வகுப்பு நிலைக்குக் குறைந்த வயது பதினான்கு. ஐந்து பாடங்கள், அவற்றில் ஒன்றோ இரண்டோ மொழி. பதிவு ஐந்து ஆண்டுக்குச் செல்லும். அதற்குள் ஒன்பது வாய்ப்புகள். தேர்ச்சி மதிப்பெண் 33 சதவீதம். வீட்டில் எழுதி அனுப்பும் ஒப்படைவுகளுக்கு 20 சதவீத மதிப்பு உண்டு. அவற்றைச் சிறு வேலை என்று எண்ணித் தேதி தவற விடுபவர்கள் அதிகம். பாடங்களை ஒவ்வொன்றாகவும் எழுதி முடிக்கலாம் என்பதால், முதல் முறை இரண்டு பாடங்களை மட்டும் எழுத வைத்துத் தேர்வுக்கூடத்தைப் பழக்குங்கள்.

எந்தப் பாதையாக இருந்தாலும் வீட்டுப் பிள்ளை தடுமாறுவது கையெழுத்தில். பாடம் முழுதும் தெரியும். ஆனால் மூன்று மணி நேரம் தொடர்ந்து எழுதிக் கை பழகியிருக்காது. எங்கள் மகள் முதல் மாதிரித் தேர்வில் நாற்பதாவது நிமிடத்தில் பேனாவைக் கீழே வைத்து விரல்களை நீவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பதின்மூன்று வயதிலிருந்தே வாரம் ஒரு நாள் அரை மணி நேரத்தில் தொடங்கி, மாதம் பதினைந்து நிமிடம் கூட்டிக்கொண்டே போனால், பத்து மாதத்தில் கை மூன்று மணி நேரத்துக்குத் தயாராகிவிடும். கடிகாரம் எதிரில் இருக்கட்டும். நடுவில் நீங்கள் பேச வேண்டாம்.

9. திரும்பும் வழியைத் திறந்தே வையுங்கள்

ஆண்டுக்கு ஒருமுறை, ஏப்ரலில், பிள்ளையிடம் பள்ளிக்குப் போக விருப்பமா என்று நேராகக் கேளுங்கள். ஆம் என்றால் தோற்றுவிட்டதாக எண்ணாதீர்கள். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, இடையில் படிப்பை முடிக்காத பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொண்டு, மற்றவர்களுக்கு ஈடாக வரச் சிறப்புப் பயிற்சியும் தர வேண்டும் என்கிறது. பதினான்கு வயது வரை அரசுப் பள்ளியில் இந்த வழி உண்டு.

அந்தச் சேர்க்கைக்குப் போகும்போது மாற்றுச் சான்றிதழ், எமிஸ் எண், கடைசி ஆறு மாதத்துக் கோப்பு மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். தலைமையாசிரியரிடம் பிள்ளைக்கு எந்தப் பாடம் எந்த வகுப்பு அளவில் இருக்கிறது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். ஆறாம் வகுப்பில் சேரும் பிள்ளைக்குக் கணக்கு ஏழாம் வகுப்பு அளவிலும், ஆங்கிலம் நான்காம் வகுப்பு அளவிலும் இருக்கலாம். அதைக் கோப்பிலுள்ள தாள்களைக் காட்டி முதல் நாளே சொல்லிவிட்டால், எந்தப் பாடத்தில் கை கொடுக்க வேண்டும் என்பது வகுப்பாசிரியருக்குத் தெரிந்துவிடும்.